பார் கவுன்சிலின் கை வகுப்பறை வரை நீளுமா?

கேள்வி | 6 நவம்பர் 2025

என் மகள் அஞ்சு வருஷச் சட்டப் படிப்பில் நாலாம் வருஷம். டெங்கு வந்து படுத்ததில் வருகை 61 சதவீதத்தில் நின்றுவிட்டது. செமஸ்டர் எழுத விட மாட்டோம் என்கிறார்கள். கேட்டால் “பார் கவுன்சில் விதி” என்று ஒரே வரி. படித்து முடித்து வருபவர்களை வழக்கறிஞராகப் பதிவு செய்வதுதானே பார் கவுன்சில் வேலை? வகுப்பில் யார் உட்கார்ந்தார், யார் உட்காரவில்லை என்பது அவர்களுக்கு எதற்கு? தில்லியில் ஏதோ தீர்ப்பு வந்திருக்கிறதாமே, நமக்குச் செல்லுமா?

6 நவம்பர், இரவு

தீர்ப்பு 3ஆம் தேதி வந்தது. தில்லி உயர் நீதிமன்றம், இரண்டு நீதிபதிகள் அமர்வு. அங்கீகரிக்கப்பட்ட எந்தச் சட்டக் கல்லூரியிலும் வருகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மாணவரைத் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. அதற்குப் பதிலாக, வருகைக் கணக்கை வாரம் ஒருமுறை மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும், மாதம் ஒருமுறை பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், கூடுதல் வகுப்பு நடத்த வேண்டும். அதன் பிறகும் குறைந்தால் தேர்வு எழுதவிட்டு, மதிப்பெண்ணில் அதிகபட்சம் 5 சதவீதம் பிடிக்கலாம், சி.ஜி.பி.ஏ. (தரப்புள்ளி) முறையென்றால் 0.33 சதவீதம். பார் கவுன்சில் எல்லோரையும் கலந்து பேசித் தன் வருகை விதியைத் திருத்தும்வரை இந்த ஏற்பாடு.

நமக்குச் செல்லுமா என்றால், சென்னை உயர் நீதிமன்றத்தை அது கட்டாது. மதுரைக் கிளையில் ரிட் போட்டு எடுத்துக்காட்டலாம். நீதிபதி ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஒன்று சாதகம்: தில்லி பேசியது பல்கலைக்கழகத்தின் தனி விதியைப் பற்றி மட்டும் அல்ல, நாடு முழுவதற்குமான பார் கவுன்சில் விதியைப் பற்றி.

ஆஸ்பத்திரிச் சீட்டு, ரத்தப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து முதலில் பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் மனு கொடுங்கள். வாயால் கேட்டதை நீதிமன்றத்தில் காட்ட முடியாது.

7 நவம்பர்

நேற்று பாதிக் கேள்விக்குத்தான் பதில் எழுதினேன். வகுப்பறையில் இவர்களுக்கு என்ன வேலை என்பது பெரிய கேள்வி.

1961 வழக்கறிஞர் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 7(1)(எச்): சட்டக் கல்வியை வளர்ப்பதும், அதன் தரத்தை வகுப்பதும் இந்திய பார் கவுன்சிலின் பணி. ஆனால் அதே வரியிலேயே, சட்டம் கற்றுத்தரும் பல்கலைக்கழகங்களையும் மாநில பார் கவுன்சில்களையும் கலந்தாலோசித்து என்று இருக்கிறது. அடுத்தது 7(1)(ஐ): எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் பதிவுக்குத் தகுதியானது என்று அங்கீகரிப்பது, அதற்காகப் போய்ப் பார்வையிடுவது. விதி போடும் அதிகாரம் 49ஆம் பிரிவில். சட்டப் படிப்பில் சேரக் குறைந்தபட்சத் தகுதி என்ன என்று சொல்லும் அதிகாரமும் அங்கேதான்.

ஆக, “இவர்களுக்கு அங்கே வேலையே இல்லை” என்று நீதிமன்றத்தில் வாதாடினால் நிற்காது. தரம் வகுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. கல்லூரியை நடத்தலாம் என்று எங்கும் சொல்லவில்லை. 65 வருஷமாக நடக்கும் சண்டையெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

வருகை விதி 2008 சட்டக் கல்வி விதிகளில் 12ஆவது. பாடத்துக்கு 70 சதவீதம். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் 65 இருந்தாலும் முதல்வர் அனுமதிக்கலாம், எல்லாப் பாடமும் சேர்த்து 70 வர வேண்டும். 61க்கு அந்த விதியில் இடமில்லை. அதனால்தான் தில்லித் தீர்ப்பு உங்கள் மகளுக்கு அவ்வளவு முக்கியம்.

7 நவம்பர், கொஞ்ச நேரம் கழித்து

“கல்யாண மண்டப வாசலில் சந்தனம் கொடுப்பவர் சமையல்கட்டுக்குள் போய் உப்புப் பார்க்கலாமா” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்க்கலாம் சார், சட்டம் கரண்டியே கொடுத்திருக்கிறது. சமையல்காரரைக் கேட்டுக்கொண்டு பார் என்றுதான் சொன்னது.

9 நவம்பர்

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒரு நண்பர் கேட்டார். நான் அந்தப் பயிற்சி விதிக் காலத்து ஆள்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. 1995இல் பார் கவுன்சில் பயிற்சி விதிகள் என்று ஒன்று கொண்டுவந்தது. பி.எல். முடித்தாலும் உடனே பதிவு கிடையாது. ஒரு சீனியரிடம் ஒரு வருஷம் பயிற்சி, அதற்கு டைரி, சீனியரின் சான்று, எல்லாம் முடிந்தால்தான் கவுன். மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் அந்த வருஷத்தைக் கழித்தேன். கட்டு தூக்குவேன், சான்று நகலுக்கு மனுப் போடுவேன், வாய்தா கேட்பேன். அதற்கு மேல் வாயைத் திறக்க முடியாது, ஏனென்றால் நான் வக்கீல் இல்லை. பட்டம் வாங்கியவன், அதனால் மாணவனும் இல்லை. வீட்டில் “எப்படா சம்பாதிப்பே” என்று கேட்டால் சொல்ல பதில் கிடையாது. சீனியர் நல்ல மனுஷர்தான். பஸ் காசுக்கு மட்டும் தருவார். ஜூனியருக்குக் காசு தர வேண்டும் என்று யாரும் நினைக்காத காலம் (இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை, அது வேறு கதை).

1999 மார்ச் 15, சுதீர் வழக்குத் தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் பயிற்சி விதிகளை ரத்து செய்தது. காரணம் எளிமையானது. 1961இல் போட்ட மூலச் சட்டத்தில் 24(1)(டி) என்று ஒரு பிரிவு இருந்தது. பதிவுக்கு முன் பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்று. 1973 திருத்தத்தில் நாடாளுமன்றமே அதை எடுத்துவிட்டது. நாடாளுமன்றம் எடுத்ததை, சட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒரு அமைப்பு விதி போட்டு உள்ளே கொண்டுவர முடியாது.

அன்றைக்கு டீக்கடையில் நாங்கள் எல்லோரும் தீர்ப்பைக் கொண்டாடினோம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு கடுப்பு: ஒரு வருஷம் போனது போனதுதான்.

10 நவம்பர்

“சுதீர் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது, அதனால் பார் தேர்வே செல்லாது” என்று ஒரு தம்பி அடித்துச் சொல்கிறார். இல்லை தம்பி. 2023 பிப்ரவரி 10, ஐந்து நீதிபதிகள் அரசியல் சாசன அமர்வு, எழுதியவர் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல். பதிவுக்கு முன் நிபந்தனை விதிக்கவே முடியாது என்ற சுதீர் கருத்து சரியல்ல என்று சொல்லிவிட்டார்கள். சட்டம் படித்தவர் வக்கீல் தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வு செல்லும். அதைப் பதிவுக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்பது பார் கவுன்சில் விருப்பம்.

அந்த வழக்கின் பெயரைப் பாருங்கள், போனி ஃபோய் சட்டக் கல்லூரி. தேர்வு பற்றிய வழக்காக அது தொடங்கவே இல்லை. ஒரு கல்லூரியின் அங்கீகாரத் தகராறு. அங்கிருந்து சட்டக் கல்லூரிகளின் தரம், அங்கிருந்து பார் தேர்வு என்று போய், தேர்வை எதிர்த்த வழக்குகளும் கூட வந்து சேர்ந்து, 2016இல் பெரிய அமர்வுக்கு அனுப்பி, 2023இல் முடிந்தது. முதல் பார் தேர்வு நடந்தது 2011 மார்ச்சில். சட்டப்படி செல்லும் என்று உறுதியாகத் தெரிய வந்தபோது பத்து வருஷத்துக்கு மேல் தேர்வு எழுதி முடித்துவிட்டார்கள்.

10 நவம்பர், இரவு

இந்தத் தீர்ப்பில் எனக்கு இரண்டு மனம். பார் தேர்வு ஒன்றும் பெரிய மலை இல்லை. 100 கேள்வி, சரியான விடையைக் குறித்தால் போதும், பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. தமிழிலும் எழுதலாம். குறிப்பு எழுதாத பேர் ஆக்ட் (சட்டப் பிரிவுகள் மட்டும் உள்ள புத்தகம்) எடுத்துப் போகலாம். இதைக்கூடத் தாண்டாதவர் ஒரு ஏழையின் நில வழக்கை எடுத்து நடத்துவதைப் பார்த்திருக்கிறேன், கண்கொண்டு பார்க்க முடியாது. அந்த வகையில் தேர்வு வேண்டும்தான்.

ஆனால் பயிற்சி விதியில் நான் இழந்த வருஷத்தை நினைத்தால், “முன்னாடியோ பின்னாடியோ உங்கள் இஷ்டம்” என்ற சொல் உறுத்துகிறது. படித்து முடித்த பிள்ளையின் ஒரு வருஷம் யாருடைய இஷ்டத்துக்கும் உரியது அல்ல. இறுதியாண்டு மாணவர்களே தேர்வு எழுதிவிடலாம் என்ற யோசனை அந்தத் தீர்ப்பிலேயே ஏற்கப்பட்டது. அப்படியும் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் திரும்பவும் சொல்ல வேண்டி வந்தது.

12 நவம்பர்

வயது பற்றிக் கேட்டவருக்கு. 45 வயதுக்கு மேல் பதிவு இல்லை என்று பார் கவுன்சில் ஒரு விதி வைத்திருந்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. சட்டத்தில் 21 வயது முடிந்திருக்க வேண்டும் என்று கீழ் வரம்புதான் இருக்கிறது, மேல் வரம்பு கிடையாது. ஓய்வு பெற்ற தாசில்தாரோ பேங்க் மேனேஜரோ வக்கீலாகக் கூடாது என்று சொல்ல இவர்களுக்கு அதிகாரம் இல்லை. எங்கள் பாரில் (வக்கீல்கள் சங்கத்தில்) ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். குறுக்கு விசாரணையில் சாட்சி பயந்து எழுந்து நிற்பார், அவ்வளவு பழக்கதோஷம்.

படிப்பில் சேரும் வயது தனி. 2008 விதிகளில் அஞ்சு வருஷப் படிப்புக்கு 20, மூணு வருஷப் படிப்புக்கு 30 என்று வைத்தார்கள். அது ரத்தாகி, திரும்பி வந்து, 2017இல் உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையில் போய் நின்றது.

இதையெல்லாம் பார்த்து நீதிமன்றம் எப்போதும் பார் கவுன்சிலுக்கு எதிர் என்று நினைக்க வேண்டாம். 1996இல் மும்பையில் ஒரு டாக்டர், அறுவை சிகிச்சை நிபுணர், டாக்டராக இருந்துகொண்டே வக்கீலாகவும் இருப்பேன் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். தோற்றார். ஒரே நேரத்தில் இரண்டு குதிரை கிடையாது.

15 நவம்பர்

திருச்சிக்காரர் ஒருவர் “பாரதிதாசன் வழக்கை ஏன் விட்டுவிட்டீர்கள்” என்று கேட்டார். அது பார் கவுன்சில் இல்லையே, ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) ஆயிற்றே என்று விட்டேன். ஆனால் கேட்டது நியாயம்.

பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொழில்நுட்பப் படிப்புகளைத் தொடங்கியது. எங்கள் முன் அனுமதி வாங்கவில்லை என்று ஏ.ஐ.சி.டி.இ. வழக்குப் போட்டது. 2001 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஏ.ஐ.சி.டி.இ. சட்டத்தில் ‘தொழில்நுட்ப நிறுவனம்’ என்பதற்கான விளக்கத்திலேயே பல்கலைக்கழகம் விலக்கப்பட்டிருக்கிறது. தாய்ச் சட்டம் விலக்கியதை ஒழுங்குமுறை விதி உள்ளே இழுக்க முடியாது. தரம் சரியில்லை என்றால் சுட்டிக்காட்டலாம், முன் அனுமதி கேட்கச் சொல்ல முடியாது.

சுதீர் தீர்ப்பும் இதுவும் ஒரே எலும்பு. சுதீரின் முடிவு 2023இல் போய்விட்டது. விதி தாய்ச் சட்டத்தைத் தாண்டக் கூடாது என்ற அடிப்படை போகவில்லை. 2023 அமர்வு சொன்னதெல்லாம் வழக்கறிஞர் சட்டம் சுதீர் நினைத்ததைவிட அகலமானது என்பதுதான்.

16 நவம்பர்

காசு பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக. பதிவுக் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 750, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. சட்டத்திலேயே எழுதிய தொகை. மாநில பார் கவுன்சில்கள் அந்த நிதி, இந்த நிதி என்று 15,000 முதல் 42,000 வரை வாங்கிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 30 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, சட்டத்தில் உள்ளதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது என்றது. வேடிக்கை என்னவென்றால் பார் தேர்வுக்குப் பொதுப்பிரிவுக் கட்டணம் 3,500. வக்கீலாக 750, வக்கீல்தானா என்று சோதித்துப் பார்க்க 3,500.

19 நவம்பர்

பார் கவுன்சிலைத் திட்டிக்கொண்டே போனால் பாதி உண்மைதான் சொன்னதாகும். இன்னொரு பாதி லெட்டர்பேட் கல்லூரிகள். எங்கள் பாரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. உள்ளூரில் வேலை பார்த்துக்கொண்டே பக்கத்து மாநிலத்தில் எங்கோ ஒரு கல்லூரியில் பெயரைப் பதிவு செய்வார்கள். தேர்வுக்கு மட்டும் ரயில் ஏறுவார்கள். மூணு வருஷத்தில் கருப்புக் கோட்டு. 70 சதவீத விதி அவர்களுக்கும்தான். ஏட்டில் வருகை 90 இருக்கும்.

உங்கள் மகளைப் போல உண்மையான கல்லூரியில் படித்து, உண்மையாகவே காய்ச்சல் வந்த பிள்ளைதான் அந்த விதியில் மாட்டுகிறது. விதியை இறுக்கினால் லெட்டர்பேட் கல்லூரி இன்னும் நேர்த்தியாக ஏடு எழுதும், அவ்வளவுதான். பார்வையிடும் அதிகாரம் சட்டத்திலேயே இருக்கிறதே, 7(1)(ஐ). அதை ஒழுங்காகப் பயன்படுத்தினால், வருகை ஏட்டுக்குச் சண்டை போட வேண்டியதே இல்லை. என் குறை அதிகாரம் கூடுதல் என்பதல்ல. இருக்கும் இடத்தில் பயன்படுத்தாமல், இல்லாத இடத்தில் நீட்டுகிறார்கள்.

22 நவம்பர்

மேலே எழுதியதற்கு உதாரணம் கேட்டார்கள். கேரளத்தில் கொலை வழக்கில் தண்டனை பெற்ற இருவர் சிறையிலிருந்தே இணைய வழியில் சட்டம் படிக்க உயர் நீதிமன்றம் அனுமதித்தது. பார் கவுன்சில் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. இந்த ஏப்ரலில் நீதிபதிகள் சூரிய காந்த், கோடீஸ்வர் சிங் அமர்வு தள்ளுபடி செய்தது. சட்டக் கல்வியில் நீங்கள் ஏன் தலையிடுகிறீர்கள், அதைக் கல்வியாளர்கள் பார்த்துக்கொள்வார்களே என்ற பொருளில் கேட்டார்கள். வாய்மொழியாக வந்த கேள்விதான், தீர்ப்பாக எடுத்துக் காட்ட முடியாது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் என்று தெரிகிறது.

எல்.எல்.எம். விவகாரமும் இப்படித்தான். ஒரு வருஷ எல்.எல்.எம். கூடாது, இரண்டு வருஷம்தான் என்று 2021 ஜனவரியில் விதி வெளியிட்டார்கள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் உச்ச நீதிமன்றம் போயின. எல்.எல்.எம். இல்லாமலே வக்கீலாகலாம். பதிவுக்குச் சம்பந்தமே இல்லாத முதுகலைப் படிப்பில் எந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு நுழைகிறார்கள்? “சட்டக் கல்வி” என்ற பொதுச் சொல்லைத்தான். அந்தச் சொல்லை அவ்வளவு தூரம் இழுத்தால் முனைவர் பட்டத்துக்கும் இவர்கள்தான் தலைப்பு கொடுக்க வேண்டும்.

23 நவம்பர்

பேராசிரியர் ஒருவர் எதிர்வாதம் வைத்திருக்கிறார்: சட்டக் கல்விக் குழுவில் வெளியாட்களும் உண்டே, பத்துப் பேரில் ஐந்து பேர் கவுன்சில் உறுப்பினர் அல்லாதவர்கள்தானே என்று. உண்மை, 10ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து அழைப்பதும் கவுன்சில்தானே சார்.

27 நவம்பர்

என் ஜூனியருக்கு இந்த 30ஆம் தேதி பார் தேர்வு. பேர் ஆக்ட்களில் தான் எழுதிய குறிப்புகளை அழிரப்பரால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். வேறு பிரதி வாங்கிக்கொள்ளம்மா என்றேன். “இது என் ராசியான புத்தகம் சார்” என்கிறாள்.

அவளுக்கு இன்னொரு கவலை. சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று வருஷம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இந்த மே மாதம் திரும்பக் கொண்டுவந்துவிட்டதே, பார் தேர்வு தேறிய நாளிலிருந்துதான் கணக்கு ஓடுமா என்று. இல்லை. பார் தேர்வுக்கு முன்னால் கிடைக்கும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே எண்ணலாம் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. என் பயிற்சி வருஷத்துக்கு இப்படி ஒரு வரி கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

2 டிசம்பர்

புதுக் கல்லூரித் தடை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் கொஞ்சம் நீளமாக.

2019இல் மூன்று வருஷத்துக்குப் புதிய சட்டக் கல்லூரி கிடையாது என்று பார் கவுன்சில் முடிவெடுத்தது. விதி இல்லை, தீர்மானமும் சுற்றறிக்கையும்தான். 2020 டிசம்பரில் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே 2019இல் பார்மசி கவுன்சிலும் ஐந்து வருஷத் தடை போட்டிருந்தது. அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: கல்வி நிறுவனம் தொடங்குவது அரசியல் சாசனம் 19(1)(ஜி) தரும் தொழில் செய்யும் உரிமை. அதைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் சட்டத்தின் வழியாக மட்டுமே. நிர்வாகத் தீர்மானம் போட்டுத் தடுக்க முடியாது.

பார் கவுன்சில் அதைப் படித்திருக்கிறது போல. இந்த ஆகஸ்டில் திரும்பவும் மூன்று வருஷத் தடை. இந்த முறை சுற்றறிக்கை இல்லை, “விதிகள், 2025” என்று பெயர் வைத்தே வந்திருக்கிறது. பழங்குடிப் பகுதி, பின்தங்கிய மாவட்டம், பட்டியல் சாதியினர் போன்றோருக்கான கல்லூரி என்றால் விலக்கும் உண்டு. ஏற்கெனவே இருக்கும் கல்லூரி புதிய பிரிவு தொடங்கவும் முன் அனுமதி வேண்டுமாம்.

என் கணிப்பு: யாராவது வழக்குப் போட்டால், பழைய ஆயுதம் வேலை செய்யாது. விதி என்ற வடிவம் வந்துவிட்டது. அடுத்த கேள்வி, 49ஆம் பிரிவில் அப்படி ஒரு விதி போட இடம் இருக்கிறதா என்பது. தரம் வகுப்பது என்றால் கதவையே மூடுவதா? அப்புறம் இன்னொன்று, 7(1)(எச்) சொல்லும் கலந்தாலோசனை நடந்ததா, எந்தப் பல்கலைக்கழகத்தோடு, எந்தத் தேதியில், குறிப்பேடு எங்கே? நான் அந்த வழக்கில் இருந்தால் பிரமாணப் பத்திரத்துக்கு முன்னாலேயே அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு மனுப் போடுவேன்.